தூக்கத்தில் உடல் வெட்டினால்: எது வலிப்பு, எது வலிப்பல்ல

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் தூக்கத்தில் ஒருவர் கைகாலை உதறினால், பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்று நடக்கிறது. கண்ணயரும் நேரத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு முறை தூக்கிவாரிப் போட்டதை அடுத்த பாயில் படுத்திருந்த உறவுக்காரர் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு வலிப்பு வருது" என்று சொல்லிவிட்டால் போதும். அந்தப் பேச்சு கோட்டைக்குப்பத்தில் கிளம்பி கூனங்குப்பம் வரை போய்ச் சேர ஒரு நாள் ஆகாது. அதன்பின் வரன் பேச வந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். இன்னொரு வீட்டில், இரவுக்கு நாலு முறை கை முறுக்கி அலறும் இளைஞனுக்குக் "காத்து பட்டிருக்கு" என்று தாயத்து கட்டி, மறுநாளே படகில் ஏற்றிவிடுகிறார்கள். முதல் தவறு ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குலைக்கும். இரண்டாவது தவறில் ஆளே தண்ணீரில் போய்விடலாம்.

இந்த அத்தியாயம் கிராம சுகாதாரச் செவிலியருக்கும், 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலருக்கும், எல்லோரையும்விட முக்கியமாகப் பக்கத்துப் பாயில் படுப்பவருக்கும் எழுதப்பட்டது. நோய் இன்னதென்று முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. ஆனால் நடப்பதை மருத்துவர் பார்ப்பதில்லை. நோயாளிக்கும் பெரும்பாலும் நினைவிருப்பதில்லை. பார்த்தவர்கள் மனைவி, தாய், படகில் கூட வந்தவர் ஆகியோர்தாம். அவர்கள் சொல்வதில் தெளிவு இருந்தால் பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

முதலில், தூங்கிய நேரத்தைக் கணக்கிடுங்கள்

மருத்துவப் புத்தகங்கள் "இரவின் முதல் பகுதி", "விடியற்காலை" என்று எழுதுகின்றன. இரவில் தூங்கிக் காலையில் எழுபவர்களுக்கு அது பொருந்தும். இரவெல்லாம் சுத்து வலையில் இறாலுக்குக் காத்திருந்து, விடிந்தபின் கரை சேர்ந்து, சரக்கை விற்றுவிட்டு எட்டு மணிக்குப் படுப்பவருக்குப் பொருந்தாது. அவருக்குத் தூக்கத்தின் முதல் பகுதி காலை ஒன்பது மணி. விழிக்கும் நேரம் பிற்பகல் ஒரு மணியாக இருக்கலாம். எனவே கடிகாரத்தை விட்டுவிடுங்கள். கண்ணயர்ந்து எவ்வளவு நேரத்தில் வந்தது, எழுந்து எவ்வளவு நேரத்தில் வந்தது என்று மட்டும் கேளுங்கள். கீழே நேரம் குறிப்பிடும் இடங்களிலெல்லாம் இந்தக் கணக்கையே சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். ஏரியில் ஆள் மாறி ஆள் மீன்பிடிக்கும் பாடு முறையில் தன் முறை வரும் நாளை யாரும் விடமாட்டார்கள். அன்றைக்குத் தூக்கம் கெடும். தூக்கக் குறைவு சாதாரண உடல் துள்ளலையும் கூட்டும், வலிப்பு உள்ளவருக்கு வலிப்பையும் வரவழைக்கும். ஆகவே "தூக்கம் கெட்டதால்தான் வந்தது" என்ற பதில் எதையும் தீர்மானிக்காது. அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக எழுந்து வந்துவிடாதீர்கள்.

பயப்படத் தேவையில்லாதவை

கண்ணயரும் கணத்தில் பள்ளத்தில் விழுவதுபோல ஒரு திடுக்கிடல், உடல் முழுதும் ஒரு துள்ளல், உடனே விழிப்பு. பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது இது வந்திருக்கும். களைப்பு, இரவு வேலை, அதிகமாகக் குடித்த டீ எல்லாம் இதைக் கூட்டும். ஒன்றோ இரண்டோ துள்ளல். தூக்கம் ஆழமானதும் நின்றுவிடும். இதற்கு மாத்திரையும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். மேலே சொன்ன பெண்ணுக்கு வந்தது இதுவே. அவள் வீட்டுக்குப் போய் அதை எல்லார் காதிலும் விழும்படி சொல்வது செவிலியரின் கடமை என்றே நினைக்கிறேன்.

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை தூக்கத்தில் கைகாலை வெடுக் வெடுக்கென்று வெட்டும். எழுப்பிப் பாருங்கள், கண் திறந்ததும் நின்றுவிட்டால், விழித்திருக்கும்போது ஒருபோதும் வராவிட்டால், பால் நன்றாகக் குடித்தால் அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே மறையும் துள்ளல். விழித்திருக்கும்போதும் வந்தால், கண் ஒருபக்கம் இழுத்தால், உடல் நீலம் பாய்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். இரண்டு மூன்று வயதுக் குழந்தை தூங்கும் முன் தலையைத் தலையணையில் முட்டிக்கொண்டோ, உடலை ஆட்டிக்கொண்டோ இருப்பதும் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் போய்விடும். கூப்பிட்டால் நிறுத்தித் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கு வலிப்பு இல்லை.

பெரியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் கால் குடைச்சல். இதற்குச் சற்று நேரம் ஒதுக்கிக் கேளுங்கள். எளிதில் சரியாகக்கூடிய ஒன்றைப் பலர் ஆண்டுக்கணக்கில் சுமந்துகொண்டிருக்கிறார்கள். படுத்ததும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, இழுப்பதுபோல இருக்கும். காலை ஆட்டாமல் இருக்க முடியாது. எழுந்து நடந்தால் அடங்கும். மறுபடி படுத்தால் வரும். ஆள் முழு விழிப்போடு இருப்பார், தன் விருப்பத்தோடுதான் காலை அசைப்பார். இவர்களில் பலருக்குத் தூங்கியபின் இன்னொன்றும் நடக்கும். கட்டைவிரல் மேலே நிமிரும், கணுக்கால் மடங்கும், சில நேரம் முழங்காலும் மடங்கும். ஓரிரு விநாடிதான். பிறகு இருபது முதல் நாற்பது விநாடிக்கு ஒருமுறை அப்படியே திரும்பத் திரும்ப, ஒழுங்கான இடைவெளியில் வந்துகொண்டிருக்கும். இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் "மணி அடிச்ச மாதிரி வருது, வலிப்புதான்" என்று பயப்படுகிறார்கள். ஆனால் உடம்பின் மற்ற பாகம் அமைதியாக இருக்கும். முகம் கோணாது, மூச்சு மாறாது.

கால் குடைச்சலுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாளெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும், மீன் கூடையோடு காலையில் கிளம்பும் பெண்களும் "நின்னு நின்னு கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். அது மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்ப்பது வழக்கம். மாத்திரையைச் சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சத்து உடலில் சரியாகச் சேராது. கர்ப்பகாலத்தில் இந்தக் குடைச்சல் கூடும். சளிக்காகக் கடையில் வாங்கும், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் சிலவும் கூட்டும்.

குறக்களி பிடிப்பது வேறு. கெண்டை கல்லாக இறுகி வலியோடு எழுப்பும். பாதத்தை மேல்நோக்கி மடக்கி நீவினால் விடும். பல்லை நறநறவென்று கடிப்பதும் வலிப்பல்ல.

அலறி எழுபவர்கள்

தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குழந்தை திடீரென்று எழுந்து உட்கார்ந்து அலறும். கண் திறந்திருக்கும், அம்மாவையே தெரியாது, உடல் வியர்த்து நெஞ்சு படபடக்கும். பல நிமிடங்கள் இப்படி இருந்துவிட்டுத் தூங்கிப்போகும். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு நாளும் செய்வது கொஞ்சம் மாறும். அணைத்துப் பிடித்தால் இன்னும் திமிறும். இரவுக்கு ஒருமுறைக்கு மேல் வருவது அரிது. வளர வளரப் போய்விடும். எழுந்து நடக்கிற பழக்கம் இருந்தால் கதவைத் தாழிடுங்கள். வாசலுக்கு எதிரே ஏரி இருக்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண், தூக்கத்தின் பின்பகுதியில் கண் மூடியபடியே கத்துகிறார், குத்துகிறார், உதைக்கிறார், பக்கத்தில் படுத்த மனைவிக்கு அடிபடுகிறது. தட்டி எழுப்பினால் சட்டென்று தெளிந்து, யாரோ துரத்தியதாகக் கனவைச் சொல்கிறார். இதுவும் வலிப்பல்ல. ஆனால் அலட்சியப்படுத்தவும் கூடாது. இவர்களில் பலருக்குச் சில ஆண்டுகள் கழித்து நடுக்குவாதம் போன்ற நரம்பு நோய்கள் வருவதால் நரம்பியல் மருத்துவர் ஒருமுறை பார்க்கவேண்டும். அதுவரை தனிப்பாய் போடுங்கள். மீன் அரியும் கத்தி, அரிவாள்மனை எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டாம்.

வலிப்பாக இருப்பவை

கைகால் விறைத்து, பிறகு வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் பெரிய வலிப்பை யாரும் தவறவிடமாட்டார்கள், பார்த்தால். தனியாகப் படுப்பவருக்கு வந்தால் யாருக்கும் தெரியாது. காலையில் அடையாளங்களைத் தேடுங்கள்: நாக்கின் பக்கவாட்டில் கடிபட்ட புண், தலையணையில் ரத்தக்கறை, நனைந்த பாய், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி, தலைவலி, மந்தம். பெரியவர் ஒருவர் பாயை நனைத்துவிட்டு வெட்கத்தில் மறைப்பதை நயமாகத்தான் கேட்டறிய வேண்டும். தினமும் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் அடுத்த இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் வரலாம். இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

ஏமாற்றும் வலிப்பு இன்னொன்று. பெரும்பாலும் மூளையின் முன்பகுதியில் கிளம்பித் தூக்கத்தில் வருவது. இதில் நுரை தள்ளாது. ஆள் திடீரென்று தலை தூக்குவார், ஒரு கை முறுக்கிக்கொள்ளும், கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல அடிக்கும், ஒரு கத்தல். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்து, உடனே தெளிந்துவிடுவார். பார்ப்பவருக்குப் பேய் பிடித்ததாகவோ நடிப்பாகவோ தோன்றும். கிராமத்து மக்கள் மட்டும் இதில் குழம்பவில்லை. 1981-இல் இத்தாலியின் பொலோனா நகரத்து மருத்துவர்கள் லுகரேசி, சிரிக்னோட்டா இருவரும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, இது வலிப்பா, தூக்கத்தில் வரும் வேறொரு அசைவுக் கோளாறா என்ற கேள்வியோடுதான் எழுதினார்கள். வலிப்புதான் என்று உறுதியாகப் பல ஆண்டுகள் ஆயின. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் வகைக்குக் காரணமான மரபணு 1995-இல் தெரியவந்தது. எனவே அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ "தூக்கத்துல கத்துற பழக்கம்" இருந்ததா என்று கேளுங்கள்.

நம் பேச்சிலேயே கேட்டால் விவரம் எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம்:

"ராத்திரிக்கு எத்தன வாட்டிம்மா வருது?"

"கணக்கில்ல நர்சம்மா. கண்ணு அசந்தா வருது. மூணு, நாலு. ஒருநாள் ஆறு கூட வந்துது."

"ரொம்ப நேரம் இருக்குமா?"

"இல்ல. நான் எழுந்து லைட்டு போடறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"ஒவ்வொரு வாட்டியும் வேற வேற மாதிரி பண்றாரா?"

"ஒரே மாதிரிதான். மொதல்ல தலைய தூக்குவாரு, இடது கை வெறைச்சுக்கும், அப்புறம் ரெண்டு காலும் அடிச்சுக்கும். நேத்து பண்ணதேதான் இன்னிக்கும்."

"முடிஞ்சதும்?"

"தண்ணி கேப்பாரு. 'நீ கூப்ட்டது கேட்டுச்சு, வாய்தான் வரல'ன்னு சொல்வாரு. அப்படியே தூங்கிடுவாரு."

ஓரிரவில் பலமுறை, ஒவ்வொன்றும் மிகக் குறுகியது, அச்சடித்ததுபோல ஒரே வரிசை, திடீர்த் தொடக்கம், திடீர் முடிவு. இவை சேர்ந்து வந்தால் வலிப்பு என்று எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். இதற்கு மாறாக, அரிதாக வந்து, நீண்ட நேரம் இருந்து, ஒவ்வொரு முறையும் மாறி, குழப்பத்தோடு மெல்ல அடங்கினால் அது தூக்கக் கோளாறின் பக்கம் சாய்கிறது. இந்தக் கேள்விகளில் ஒன்றை மட்டுமே கேட்க முடியுமென்றால் நான் "ஒரே மாதிரியா?" என்பதைத்தான் கேட்பேன்.

பள்ளிக்குப் போகும் குழந்தைக்குத் தூங்கிய கொஞ்ச நேரத்திலோ விழிக்கும் முன்போ வாய் ஒருபக்கம் கோணி, எச்சில் வழிந்து, தொண்டையில் களகளவென்று சத்தம் வந்து, பேச்சு வராமல் போகலாம். குழந்தைக்கு நினைவிருக்கும், பேச முடியாது. இதுவும் வலிப்புதான். பயமுறுத்தினாலும், பதினாறு வயதுக்குள் பெரும்பாலும் தானே போய்விடும் வகை.

கடைசியாக, மீனவ இளைஞர்களிடம் நான் மிகவும் அஞ்சுவது. பன்னிரண்டிலிருந்து இருபது வயதுக்குள் தொடங்கும். தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் தோளும் கையும் வெடுக்கென்று துள்ளும். டீ டம்ளர் எகிறி விழும், பிரஷ் கையை விட்டுப் பறக்கும். நினைவு தப்பாது. "காலைல கை ஒதறும்" என்று வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கண்ணயரும்போது வருவது துள்ளல். எழுந்தபின் வருவது வலிப்பாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சரியாகத் தூங்காத ஓரிரவுக்குப் பிறகு இவர்களுக்குப் பெரிய வலிப்பு வரும். அந்த இரவுக்குப் பிறகு மீனவ இளைஞன் இருக்குமிடம் படகாகத்தான் இருக்கும். நள்ளிரவு ஒரு மணிக்கு அரைத்தூக்கத்தில் எழுப்பி அழைத்துப் போகும் பையனுக்கு இந்தத் துள்ளல் வலையைக் கையில் பிடித்திருக்கும்போதே வரலாம். கை உதறலைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும். வேறு வகை வலிப்புகளை நன்றாகக் கட்டுப்படுத்தும் கார்பமசெபின் மாத்திரை இந்த வகையைச் சிலருக்கு மோசமாக்கிவிடும்.

செல்போன் செய்யும் உதவி

வாய்ச்சொல்லைவிட ஒரு நிமிட வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும். அடிக்கடி வருபவர் என்றால் இரவில் ஒரு செல்போனைச் சுவரில் சாய்த்து ஓடவிடுங்கள். விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கி, முகமும் கைகால் நான்கும் தெரியும்படி எடுங்கள். முகத்தை மட்டும் நெருங்கி எடுப்பதால் பயனில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "இறால்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, முடிந்ததும் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். நினைவு இருந்ததா என்று அதில் தெரியும். நின்றபின்னும் இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டே இருங்கள், தெளிவது எப்படி என்பதும் முக்கியம். அந்த வீடியோ மருத்துவருக்கு மட்டும். குடும்ப வாட்ஸாப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு, கடிதத்தோடு பொன்னேரி அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து தேவைப்பட்டால் சென்னை ஸ்டான்லி அல்லது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கும், குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் போகலாம். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி எடுப்பார்கள். அது சரியாக இருந்தது என்பதால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. மூளை முன்பகுதியின் ஆழத்தில் கிளம்பும் வலிப்பு, வந்துகொண்டிருக்கும்போதே எடுத்தால்கூட ஈஈஜியில் தெரியாமல் போகலாம். "ரிப்போர்ட் நார்மல்" என்ற தாளோடு திரும்பி வந்தவருக்கு இரவில் மீண்டும் வந்தால், வீடியோவோடு மறுபடி போகச் சொல்லுங்கள். ஈஈஜிக்கு முந்தைய இரவு விழித்திருந்து வரச் சொன்னால் கட்டாயம் துணைக்கு ஒருவர் போகவேண்டும்.

வலிப்பு வரும்போது ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள், நேரம் பாருங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பது, வாயில் கரண்டி செருகுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், தெளியாமல் மறுபடி வந்தால், கர்ப்பிணி என்றால், தலையில் அடிபட்டிருந்தால், முதன்முறை என்றால் 108. தண்ணீருக்குள் வந்தால் முகத்தை மேலே தாங்கிப் பிடித்துக் கரையேற்றுங்கள். தெளிந்து பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும், நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம்.

வலிப்பு என்று உறுதியானால் வீட்டில் இரண்டு செய்தி சொல்லுங்கள். முறையான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வாசகத்தை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இலேயே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. மாத்திரையை நோயாளி தானாக நிறுத்தக்கூடாது. கர்ப்பம் தரிக்கும் வயதுப் பெண் என்றால், எந்த மாத்திரை ஏற்றது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசவேண்டும்.

வலிப்பு உள்ளவர் தண்ணீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். அதனால் கட்டுக்குள் வரும்வரை தனியாகப் படகெடுக்கக்கூடாது, கழுத்தளவு தண்ணீரில் இறங்கக்கூடாது. மருத்துவர் அனுமதித்தபின் போனாலும் உயிர்காக்கும் அங்கி போட்டு, கூட வருபவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். மாத்திரை வேளை கடலிலோ ஏரியிலோ வருமானால் தண்ணீர் புகாத டப்பாவில் எடுத்துப் போகட்டும். பாடு முறைதான் பெரிய சிக்கல். முறையை விட்டால் அந்த வருமானம் போகும் என்ற பயத்தில்தான் பலர் நோயை மறைக்கிறார்கள். அவருடைய சம்மதத்தோடு ஊர்ப் பெரியவர்களிடம் செவிலியரே போய்ப் பேசுங்கள். மருந்து பிடிபடும்வரை இரவு முறையை அவருடைய அண்ணனோ தம்பியோ எடுத்துக்கொள்ளவும், பங்கு குடும்பத்துக்கே வரவும், பகலில் வலை பழுது பார்க்கும் வேலையை அவர் செய்யவும் வழி கேளுங்கள்.